பதிப்பெண்ணைப் பூட்டுவது ஏன்?

மாரி வேளாண்மைக்கு விதைநெல் தேடும் செங்கலடிப் போடியார், "நல்ல நெல் இருக்கா?" என்று பொதுவாய் வினவாமல், பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய மூன்று மாத இனமாகிய "பீஜி 300" என்று இலக்கஞ்சொல்லிக் கேட்பதுபோலவே, அருகே வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணாக்கரும், தாம் இரவல் கொள்ளும் நிரற்பொதி ஒவ்வொன்றையும் பதிப்பெண்ணோடு குறித்தல் அவசியமாகும். "புதியது எதுவோ அது" என்றெழுதினால், இன்று இயங்கிய நிரல், தன்னில் ஓர் எழுத்தும் மாறாமலே, நாளை வேறொரு கணினியில் ஸ்தம்பித்துவிடக்கூடும். இவ்வாறு பதிப்பெண்களை நிலைநிறுத்தும் பூட்டுக் கோப்போ, நாம் அழைத்த பொதிகளை மாத்திரமன்றி, அவை கூட்டிவரும் பரிவாரத்தையும், ஹாஷ் எனப்படும் கைரேகையையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது; ரேகை பிசகினால் அப்பொதி நிராகரிக்கப்படும்.

ஆயினும் பூட்டு சர்வரோக நிவாரணியன்று. 2016 மார்ச் 22இல், 'லெஃப்ட்பேட்' என்னும் 11 வரிப் பொதியை அதன் கர்த்தாவே என்பிஎம் களஞ்சியத்திலிருந்து அகற்றிவிட, உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களின் கட்டுமானம் தடைப்பட்டது. வேறொருவர் அதே நிரலை 1.0.0 என்ற எண்ணுடன் பிரசுரித்தும், 0.0.3 என்றே விடாப்பிடியாய்க் கேட்டுநின்ற பொதிகள் அதனை ஏற்கவில்லை (பிடிவாதத்திற்கும் ஒரு விலை உண்டல்லவா!); ஈற்றில் என்பிஎம் நிர்வாகமே பழைய 0.0.3ஐ மீட்டு வைக்கவேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' என்னும் பொதியில் விபரீதமான பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோதோ, பூட்டைத் திறந்து திருத்திய பதிப்புக்கு மாறாதோர் அவ்வோட்டையையும் சேர்த்தே பூட்டி வைத்திருந்தனர்.