கல்லூரியும் சேமப்படையும்

கல்வி கற்பதற்கு உரிய பருவமும் படைக்கலம் பயில்வதற்கு உரிய பருவமும் மனித வாழ்வில் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துள்ளன. 18 வயது தொடக்கம் 25 வயது வரையுள்ள காலத்திலேதான் உடல் உரமும் நினைவாற்றலும் ஒருங்கே ஓங்கி நிற்கின்றன. ஆதலால், பல்கலைக்கழகமும் பாசறையும் ஒரே இளைஞனைத் தத்தம்பால் அழைப்பது எந்நாட்டிலும் உள்ளதே. ஒன்றை முடித்த பின்னரே மற்றொன்றை மேற்கொள்ளும்படி விதித்த நாடுகள் உண்டு. இரண்டையும் ஒரே காலத்தில் மேற்கொள்ளும் வழியைப் பெருமளவில் திறந்து வைத்துள்ள நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். அவ்வழியிற் செல்லும் மாணவர் பெறும் பேறு யாது, இழப்பது யாது என்பவற்றை ஆராய்தல் பயனுடையது.

சேமப்படை என்பது, வேண்டும்போது அழைப்பதற்கென்று பயிற்றி வைக்கப்பட்ட படை. அதில் உள்ளோர் நாள்தோறும் பாசறையில் வாழ்வதில்லை. உழவராகவும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மாணவராகவும் இருந்துகொண்டே, மாதத்திற் சில நாள் மட்டும் சீருடை தரிப்பர். அமெரிக்காவில் இப்படை இரு வகைப்படும். ஒன்று, தேசியக் காவற்படை. வெள்ளம், புயல், கலகம் ஆகியவை நேருங்கால் மாநில ஆளுநரும், போர் நேருங்கால் ஜனாதிபதியும் இதனை அழைக்கலாம். மற்றையது, தரைப்படை, கடற்படை, விமானப்படை முதலியவற்றுக்கு உரிய சேமப்படை. அது மத்திய அரசுக்கு மட்டுமே கட்டுப்பட்டது.

ஏட்டுக்கும் படைக்கும் உள்ள உறவு அந்நாட்டிற் பழமையானது. மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் பேரவை 1636ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு கல்லூரி அமைக்க 400 பவுண் ஒதுக்கியது. அதுவே பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகமாயிற்று. அதே பேரவை அதே ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஊர்க் காவற் கூட்டங்களை மூன்று படைப்பிரிவுகளாக வகுக்கும்படி ஆணையிட்டது. தேசியக் காவற்படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த ஆணை பிறந்த நாளையே. 1862இல் லிங்கன் கையொப்பமிட்ட மொறில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் வழங்கிக் கல்லூரிகளை நிறுவ வழி செய்தது. உழவும் பொறித்தொழிலும் கற்பிக்கும் அக்கல்லூரிகள் படைப் பயிற்சியையும் பாடத்திற் சேர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. 1916இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம், பல்கலைக்கழகங்களிலேயே அதிகாரிகளைப் பயிற்றும் சேம அதிகாரிகள் பயிற்சிப் படையைத் தோற்றுவித்தது.

இவ்வுறவு என்றும் இனிதாக இருந்ததென்று கூறவியலாது. வியட்நாம் போர்க்காலத்தில் சேமப்படையினர் மிகச் சிலரே போர்முனைக்கு அழைக்கப்பட்டனர். ஆகவே கட்டாயப் படைச் சேவைக்கு அஞ்சிய இளைஞர் பலர் தேசியக் காவற்படையைப் புகலிடமாக நாடினர். 1970ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி, ஒகாயோ மாநிலத்தின் கென்ற் பல்கலைக்கழக வளவில், போரை எதிர்த்துத் திரண்ட மாணவர்மீது அம்மாநிலக் காவற்படையினர் சுட்டனர். நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். துப்பாக்கி ஏந்தியவர்களுள்ளும் இளைஞர் பலர் இருந்தனர். ஒரு தலைமுறையின் இரு பாதிகள் எதிரெதிரே நின்ற அக்காட்சியை அந்நாடு எளிதில் மறக்கவில்லை.

1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு ஒழிந்தது. அதன் பின்னர் படையிற் சேர்வோரை விருப்பத்தால் ஈர்க்க வேண்டியதாயிற்று. ஈர்க்கும் பொருள்களுள் தலையாயது கல்விச் செலவு. இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரருக்கெனக் கல்வி உதவி வழங்க 1944இல் சட்டம் பிறந்திருந்தது. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்த மொன்ற்கொமரி திட்டம், அதனையொத்த உதவியைச் சேமப்படையினருக்கும் அளித்தது. ஆறு ஆண்டு சேவைக்கு உடன்பட்டுத் தொடக்கப் பயிற்சியை முடித்தவர், 36 மாதம் வரை மாதந்தோறும் படிப்புதவி பெறலாம். இதனோடு, மாநிலங்கள் பல தம் காவற்படையினருக்குக் கல்லூரிக் கட்டணத்தை முழுமையாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கின்றன. 2009இல் நடைமுறைக்கு வந்த வேறொரு திட்டத்தின்படி, 2001 செப்டெம்பர்த் தாக்குதலுக்குப் பின் 90 நாளேனும் முழுநேரப் பணியாற்றியவர் உதவியின் ஒரு பகுதிக்கும், 36 மாதம் பணியாற்றியவர் முழு உதவிக்கும் உரியராவர்.

கல்லூரிக் கட்டணம் மலைபோல் உயர்ந்துள்ள நாட்டில், எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வுதவி பெருந்துணையாகும். கடன் தலைமேல் ஏறாமற் பட்டம் பெறலாம் என்னும் நம்பிக்கையே பலரை ஒப்பந்தத்திற் கையொப்பமிடச் செய்கின்றது. அவ்வாறு கையொப்பமிடுபவர் தம் காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், ஆண்டில் ஏறக்குறைய 15 நாளும் பயிற்சிக்கு உரியவை. ஒரு சனி ஞாயிறு நான்கு பயிற்சி அமர்வாகக் கொள்ளப்படும். ஆண்டுக்கு 48 அமர்வுகள். ஓர் அமர்வுக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் என்பதால், இரண்டு நாள் உழைத்தவர் நான்கு நாட் சம்பளம் பெறுவர்.

இக்கணக்கு கேட்பதற்கு எளிது. எனினும் 15 வாரங்கொண்ட ஒரு தவணையில் மூன்று அல்லது நான்கு வார இறுதிகள் இவ்வாறு கழிந்துவிடும். மற்றை மாணவர் நூலகத்தில் அமர்ந்து கட்டுரை எழுதும் நாட்கள் அவை. பயிற்சி நிலையம் கல்லூரியிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்குமாயின், வெள்ளி மாலையே புறப்பட வேண்டும். ஞாயிறு இரவு களைத்துத் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலையிற் பரீட்சை காத்திருக்கும். கோடையில் வரும் 15 நாட் பயிற்சி, கோடைத் தவணை வகுப்புகளுக்கும் விடுமுறைத் தொழிலுக்கும் இடையூறாகும்.

தொடக்கப் பயிற்சியும் கருதத்தக்கது. தரைப்படையில் அடிப்படைப் பயிற்சி பத்து வாரம். அதன்பின் வரும் தொழிற்பயிற்சி, தொழிலுக்கேற்பச் சில வாரம் முதல் ஓராண்டுக்கு மேலும் நீளும். கோடை விடுமுறைக்குள் இரண்டும் அடங்குவது அரிது. ஆகவே, அடிப்படைப் பயிற்சியை ஒரு கோடையிலும் தொழிற்பயிற்சியை அடுத்த கோடையிலும் முடிக்கும் பிரிவு முறை ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. இதனை அறியாது சேர்ந்தவர் ஒரு தவணையை, சில வேளை ஓர் ஆண்டை, இழக்க நேரும்.

இவை யாவும் முன்கூட்டியே திட்டமிட்டுத் தாங்கக்கூடிய இடர்கள். திட்டத்துக்கு அடங்காதது அழைப்பாணை. 1990–91 வளைகுடாப் போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சேமப்படையினர் அழைக்கப்பட்டனர். 2001இன் பின் ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் சென்றோருள் மாணவர் பலர். தொடக்கத்தில் அழைப்புக் காலம் ஓராண்டைக் கடந்தும் நீண்டது. 2007 ஜனவரியில் ஓர் அழைப்பு ஓராண்டுக்கு மேற்படலாகாது என்று பாதுகாப்பு அமைச்சு வரையறுத்தது. போர் இல்லாக் காலத்திலும் ஆளுநரின் அழைப்பு வரலாம். அத்திலாந்திக் கரையோரத்தில் புயல் மிகும் மாதம் செப்டெம்பர். அதுவே கல்லூரியின் இலையுதிர்காலத் தவணை தொடங்கிய வேளையுமாகும்.

தவணையின் நடுவில் அழைப்பு வந்தால் மாணவன் என் செய்வான்? தவணையை முற்றாக விட்டு, கட்டணத்தை மீளப் பெறலாம். ஆசிரியர் உடன்படின், பாடத்தை முடியாததாகப் பதிந்து, திரும்பிய பின் முடிக்கலாம். பெரும்பகுதி முடிந்திருப்பின், அதுவரை செய்த வேலைக்கு மதிப்பெண் பெற்றும் செல்லலாம். எது நன்று என்பது நாளைப் பொறுத்தது. பத்தாம் வாரத்தில் தவணையை விடுபவன் பத்து வார உழைப்பை இழக்கின்றான்.

வேலையை விட்டுச் சென்ற சேமப்படையினருக்கு அவ்வேலையை மீளவும் உறுதிசெய்யும் சட்டம் 1994இல் வந்தது. மாணவருக்கு அத்தகைய காப்பு 2008ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தாலேயே கிட்டியது. 30 நாளுக்கு மேற்பட்ட சேவைக்குச் சென்ற மாணவனை, அவன் விட்டுச்சென்ற அதே கல்வி நிலையில் மீண்டும் சேர்த்தல் கல்லூரியின் கடமை. மொத்தப் பிரிவு ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது. செல்லுமுன் அறிவித்தல் வேண்டும். சேவை முடிந்து மூன்றாண்டுக்குள் திரும்பும் எண்ணத்தையும் தெரிவித்தல் வேண்டும். திரும்பிய முதலாண்டில் பழைய கட்டணமே பொதுவாக அறவிடப்படும். கற்றதை மறந்தவருக்கு மேலதிகச் செலவின்றி உதவவும் கல்லூரி முயலல் வேண்டும். மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்திற் பங்குகொள்ளும் கல்லூரிகள் யாவும் இதற்குக் கட்டுப்பட்டவை.

ஆயினும் அச்சட்டம் ஒரு வார இறுதிப் பயிற்சிக்குத் துணை நிற்பதில்லை. அங்கு மாணவன் நாடவேண்டியது ஆசிரியரின் நல்லெண்ணத்தையும், கல்லூரியின் விதியையும், சில மாநிலங்களின் சட்டத்தையுமே. இதனால் அனுபவமுள்ள மாணவர் கைக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. ஓராண்டின் பயிற்சி நாட்கள் பெரும்பாலும் முன்னரே குறிக்கப்படும். அந்நாட்குறிப்பையும் பாடத் திட்டத்தையும் தவணையின் முதல் வாரத்திலேயே அருகருகே வைத்து ஒப்பிட்டு, மோதும் நாட்களை ஆசிரியருக்கும் படைத் தலைவருக்கும் எழுத்தில் அறிவிப்பர். பரீட்சைக்கு முந்திய நாள் வந்து முறையிடும் மாணவனுக்கு இரங்க எவரும் கடமைப்பட்டவரல்லர். முன்னரே அறிவித்தவனுக்கோ, பயிற்சியை வேறொரு நாளில் ஈடுசெய்யவும் இடங்கிடைக்கும். ஆணைக் கடிதங்களின் பிரதிகளைப் பேணுதலும், படையினரின் கல்வி உதவியைக் கவனிக்கும் கல்லூரி அலுவலரை அறிந்து வைத்தலும் அத்துணை இன்றியமையாதவை. சேம அதிகாரிகள் பயிற்சிப் படையிலும் சேமப்படையிலும் ஒருங்கே இருக்கும் ஏற்பாட்டிற் சேர்ந்த மாணவர், பட்டம் பெறும்வரை பொதுவாகப் போர்முனைக்கு அனுப்பப்படுவதில்லை.

இத்துணை இடரிடையே பட்டம் பெற்று மீள்பவர் காலத்தை அளந்து வாழவும், பொறுப்பை ஏற்கவும், தம் இனத்தவர் அல்லாதாரோடு தோளோடு தோள் நின்று பணியாற்றவும் கற்றவராகின்றனர். மறுபுறத்தில், திரும்பாதோரும் உண்டு. உடலாலும் உள்ளத்தாலும் புண்பட்டுத் திரும்பி, வகுப்பறையின் அமைதியையே தாங்கமாட்டாது விலகியோரும் உண்டு. கல்லூரி தன் பதிவேட்டில் ஓரிடத்தை ஐந்தாண்டு காத்துவைக்கலாம். உடன் கற்ற தோழர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர்.

எனவே, கையொப்பமிடும் இளைஞன் கட்டண உதவியைப் பரிசென்று கருதலாகாது. அது கூலியுமன்று; ஒரு வாக்குறுதிக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. அழைத்தால் வருவேன் என்பதே அவ்வாக்குறுதி. அழைப்பு ஒருபோதும் வாராது என்னும் எண்ணத்தோடு அதனை அளிப்பவன் ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலும் வைத்தவனாவான். அதன் முழுப் பொருளை 18 வயதில் உணர்தல் எளிதன்று. ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுவோரும், பிள்ளையின் அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோரும், அறிவுரை கூறும் ஆசிரியரும் அதனை மறையாது விளக்கல் வேண்டும். நாட்டின் பெயரால் ஓர் இளைஞனின் காலத்தைக் கேட்கும் அரசு, அவனுடைய கல்வியையும் நாட்டின் செல்வமாகப் போற்றுதல் கடன்.