ஒரு துறைக்குள் அடங்காதார்

தமிழ்ப் புலவரைத் துறைக்கு ஒருவராகப் பகுத்துக் கூறும் தனிப்பாடல் ஒன்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. வெண்பாவிற்குப் புகழேந்தி, பரணிக்குச் செயங்கொண்டார், விருத்தத்திற்குக் கம்பர், கோவை உலா அந்தாதிகளுக்கு ஒட்டக்கூத்தர், கலம்பகத்திற்கு இரட்டையர், வசைக்குக் காளமேகம், சந்தத்திற்குப் படிக்காசர் என்பது அதன் கருத்து. புலவர்தம் தனிச்சிறப்பைப் பாராட்ட எழுந்த பாட்டே அது. பிற்காலத்தாரோ அப்பாராட்டையே வேலியாகக் கொண்டுவிட்டனர். பெயரையும் துறையையும் நெட்டுருச் செய்த அளவில் பலரும் நின்றுவிடுவதால், வேலிக்கு அப்பால் அப்புலவர்கள் விளைத்தவை படிப்பாரின்றிக் கிடக்கின்றன.

காளமேகம் சினந்து பாடினால் ஊரே அழியும் என்று கதை கூறுவர். அவரே திருவானைக்காவில் எழுந்தருளிய இறைவன்மீது உலாவும் பாடியுள்ளார். இரட்டையரும் கலம்பகத்தோடு அமையாது, காஞ்சி ஏகாம்பரநாதர்க்கு உலாப் பாடினர்.

இவர்கள் அனைவரினும் துணிவு மிக்கவர் ஒட்டக்கூத்தரே என்பேன். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்னும் மூவர் அவையிலும் வீற்றிருந்து, மூவர்மீதும் உலாப் பாடியவர் அவர். உலாவிற்கு அவரே என உலகம் கூறியது பொருத்தமே. ஆயினும், செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பெரும்புகழ் பெற்றிருந்த சோழ நாட்டில், அதே துறையில் அவர் மற்றொரு நூல் செய்தார். ஒப்பிட்டுக் குறைகூறுவார் பலர் இருப்பர் என்பதை அவர் அறியாரோ?

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பர். தோற்றவர் பெயரே நூலுக்குப் பெயராகும். கூத்தரோ மன்னர் போரை விடுத்து, தக்கன் செய்த வேள்வியை வீரபத்திரர் அழித்த வரலாற்றைப் பொருளாகக் கொண்டார். அதனால் நூல் தக்கயாகப்பரணி எனப்பட்டது. கடைதிறப்பு, காடு பாடியது, கூழ் அடுதல் முதலிய பரணி உறுப்புக்கள் இதிலும் உள. திருஞானசம்பந்தர் சமணரை வாதில் வென்ற வரலாறும் இடையே வருகின்றது. இரண்டாம் இராசராசனுக்கு வாழ்த்தும் உண்டு. பழைய கலத்தில் புதிய பொருளைப் பெய்த நூல் இது.

கலிங்கத்துப்பரணியின் எளிய ஓட்டம் இதற்கு இல்லை என்பதை மறைத்தல் வேண்டா. புராணச் செய்திகளும் அருஞ்சொற்களும் செறிந்த 814 தாழிசைகள். உரையின்றிப் பொருள் காண்பது அரிது. உ. வே. சாமிநாதையர் 1930இல் இதனைப் பழைய உரையோடு பதிப்பித்தார். நூலகத்தில் கிடைப்பின், மாணவர்கள் காடு பாடிய பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.