தாளே விளக்கு



ஓவியம் என் தொழிலன்று. கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவன் நான். பூவின் பகுதிகளைக் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்து காட்டுவதோடு என் சித்திரத் திறமை முடிந்துவிடும். அத்தகைய நான் சென்ற கோடை விடுமுறையில் ஒரு வண்ணப் பெட்டியும், இரண்டு தூரிகைகளும், கனத்த தாள்கள் சிலவும் வாங்கி, எங்கள் தோட்டத்துச் செம்பருத்தியை நீர்வண்ணத்தில் தீட்ட முற்பட்டேன்.

முதல் நாள் தாளில் விழுந்தது பூவன்று, வெறும் சேறு! சிவப்பு உலருமுன் அதன் அருகே பச்சையைத் தீட்டிவிட்டேன். இரண்டும் கலந்து பழுப்பாயின. மறுநாள், இதழில் ஒளி படும் இடங்களில் வெள்ளை வண்ணம் பூசினேன். பூ சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளிறிப் போயிற்று.

பிழை எங்கே? நீர்வண்ணம் என்பது நிறப்பொடியை வேல இனத்து மரப்பிசினோடு குழைத்துச் செய்வது. நிறைய நீர்விட்டு மெல்லியதாகப் பூசினால், ஒளி அதனூடே சென்று, வெள்ளைத் தாளில் பட்டு மீண்டு நம் கண்ணை அடைகிறது. தாளே விளக்கு, வண்ணம் அதன்மேல் போர்த்திய மெல்லிய திரை. ஆகவே வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தீட்டாமல் விடவேண்டும். ஒரு பூச்சு நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. ஈரத்தில் அழுத்தமாகத் தோன்றும் நிறம் உலர்ந்ததும் வெளுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

இவற்றை அறிந்து தீட்டிய மூன்றாம் படத்தில் நிறம் அமைந்தது. பெருமையுடன் என் மகளிடம் காட்டினேன். அவள் பூவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த ஓர் இதழுக்கு மட்டும் இரண்டு ஓரமும் மேலே இருக்கிறதே!" என்றாள்.

செம்பருத்தியில் ஒவ்வோர் இதழும் ஓர் ஓரத்தால் அடுத்த இதழை மூடும். அதன் மற்றோர் ஓரம் முந்தைய இதழால் மூடப்பட்டிருக்கும். 'திருகு அமைவு' என்று இதனை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருபவன் நான்! சொல்லை அறிந்திருந்தேனேயன்றிப் பூவைப் பார்த்திருக்கவில்லை.

சென்னை மாகாணத்துத் தாவரங்களை ஆராய்ந்த இராபர்ட் வைட் என்னும் மருத்துவர், 1838 முதல் 1853 வரை பல பகுதிகளாகத் தாவரப் படநூல் ஒன்றை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்களுள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர் சிறப்புற்றனர். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். இன்று அது வேறொரு பேரினத்தில் அடக்கப்பட்டுவிட்டது. எனினும், கூர்ந்து கண்ட ஒரு கண்ணுக்கு அறிவியலாளர் செய்த வணக்கம் அது.

செம்பருத்தி காலையில் மலர்ந்து மாலையில் வாடுவது. நாளைக் காலை ஒரு பூவின் முன் அமருங்கள். அரைமணி நேரம் தூரிகையைத் தொடாதீர்கள்; எந்த இதழ் எதன்மேல் படிந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு தீட்டுங்கள். படம் கெட்டாலும் பாதகமில்லை; பூவைப் பார்த்திருப்பீர்கள்.