பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய சிஸ்டம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களே,

நீங்கள் அனுப்பித்தந்த கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடுகின்றனவா, மூலையில் கிடக்கின்றனவா என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒரு சகோதரர் பழந்துருத்தி உவமையை நினைவூட்டி, பழைய பெட்டியில் புதிய சிஸ்டத்தை ஊற்றினால் இரண்டும் கெட்டுப்போகாதா என்று கேட்டிருந்தார். சில பெட்டிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது.

நமது ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுமிடம், மருந்தகம், லேப், கணக்கு அறை ஆகிய இடங்களிலுள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை உங்கள் அலுவலகங்களில் உழைத்துவிட்டு இங்கே வந்தவை. அவற்றில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டது. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை, மறுநாள் காலையும் வழக்கம்போலவே சீட்டு அச்சானது. ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். பணம் கட்டி நீட்டிக்கலாம்தான். நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் இருமடங்கு, அதுவும் மூன்றே ஆண்டுகள். உங்கள் காணிக்கையை அதில் போட எங்களுக்கு மனம் வரவில்லை.

கிராமத்து ஆஸ்பத்திரியை யார் வந்து தாக்கப்போகிறார்கள் என்று நாங்களும் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. 2017 மே 12 அன்று பரவிய ‘வான்னாக்ரை’ என்ற கிருமி ஆள் பார்த்துத் தாக்கவில்லை, திறந்திருந்த ஓட்டை வழியே புகுந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 236 பிரிவுகளில் 81-ஆவது பாதிக்கப்பட்டன. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே வந்திருந்தது. பல இடங்களில் அதைப் போடவில்லை. நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டு, சுமார் இரண்டு வாரம் கையால் எழுதி வேலை பார்த்தார்கள்.

வேலை தடைப்படுவதைவிட எங்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. கறம்பக்குடியிலிருந்தோ ஆலங்குடியிலிருந்தோ பஸ் ஏறி வரும் ஒரு பெண், காசநோயோ எச்.ஐ.வி.யோ கர்ப்பமோ, தன் பரிசோதனை முடிவை நம்மை நம்பி ஒப்படைத்துப் போகிறாள். அது ஊரில் தெரிந்தால் அவள் நிலை என்னவாகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர் அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஏறத்தாழ 2018-க்கு முன் வாங்கிய பெட்டிகள் தேறுவதில்லை. இந்தச் சோதனையை ஏமாற்றிப் போட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டர் தெரிந்த தம்பிமார் சொன்னார்கள். போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்டவற்றுக்குத் திருத்தங்கள் வருமென்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. எந்தக் காரணத்துக்காகப் பழையதை மாற்றுகிறோமோ அதுவே கிடைக்காதென்றால் என்ன பயன்? வீட்டில் செய்து பார்க்கலாம், நோயாளிகளின் விவரம் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஆகவே லினக்ஸுக்குப் போனோம். தமிழ்நாட்டில் இது புதிதல்ல. 2011 செப்டம்பரில் அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் அதில் இருந்தது. அது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்! நாங்கள் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட்டில் ‘எக்ஸ்.எப்.சி.இ.’ என்ற இலகுவான வகை. 4 ஜி.பி. மெமரி இருந்தால் தாராளமாக ஓடும். இதன் 22-ம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு.

ஆனால் சிஸ்டத்தை மாற்றியதைவிட ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தியதில்தான் அதிக வித்தியாசம் கண்டோம். சுழலும் தட்டில் ஊசி அங்குமிங்கும் தேடி எடுக்க வேண்டியது, அதில் நொடியில் கிடைத்துவிடுகிறது. மதர்போர்டிலுள்ள நாணய அளவு பேட்டரியையும் மாற்றினோம். அது தீர்ந்த ஒரு பெட்டி, கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதியைப் பல வருடம் பின்னுக்குத் தள்ளி ரசீது அடித்துக்கொண்டிருந்தது.

எதிர்பாராத தொல்லை தமிழால் வந்தது. நோயாளிகளுக்கான அறிவுரைத் தாள்கள் பழைய எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றில் தமிழ் எழுத்து, உள்ளே ஆங்கில எழுத்தின் எண்ணாகவே பதிவாகியிருக்கும். புதிய சிஸ்டத்தில் திறந்ததும் எல்லாம் புரியாத ஆங்கிலமாய்த் தெரிந்தது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது, நாங்கள்தான் தாமதம். மாற்றித்தரும் மென்பொருள் உண்டென்றாலும் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. மருந்தின் அளவு எழுதிய தாளில் பிழை வரலாகாது என்று இரண்டு நர்ஸ் சகோதரிகள் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

லேப் கருவியோடு இணைந்த கம்ப்யூட்டரில் மட்டும் கைவைக்கவில்லை. அந்தக் கருவியின் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதற்கு நெட்வொர்க் இணைப்பைக் கழற்றிவிட்டோம். யாரும் பென்டிரைவ் செருகக்கூடாது, முடிவைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இது சிரமம்தான், ஊழியர்களுக்கு முணுமுணுப்பும் உண்டு. அட்மிஷன் நோட்டுப் புத்தகத்தையும் விடவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் நமது மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறக்கவில்லை.

சில பெட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. 32-பிட் பிராசஸர் உள்ளவற்றை மின்ட் 2020-லேயே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் அவற்றில் நிறுவ வழியில்லை. கொடுத்தவர்கள் வருத்தப்படக்கூடாது. அவை நல்ல வேலை செய்து ஓய்ந்தவை. குப்பையில் போடாமல், அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கிறோம்.

இனிக் கம்ப்யூட்டர் அனுப்ப விரும்புகிறவர்கள் 64-பிட் பிராசஸர்தானா என்று பார்த்து அனுப்புங்கள். அதில் விண்டோஸ் போட்டுத்தர வேண்டாம், திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். முக்கியமாக, உங்கள் சொந்த விவரங்களை முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். ஒருமுறை ஒரு குடும்பத்தின் போட்டோக்களும் பேங்க் கடிதங்களும் அப்படியே எங்களிடம் வந்துவிட்டன. திறந்து பார்க்காமல் அழித்தோம். பெட்டி அனுப்ப இயலாதவர்கள் ஒரு எஸ்.எஸ்.டி.க்கான தொகையை அனுப்பினாலும் போதும். பிரசவ வார்டிலுள்ள கம்ப்யூட்டர் இன்னும் பழைய ஹார்டு டிஸ்கோடுதான் இருக்கிறது.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள்