விமானம் சுருங்கும், பசை சுருங்காது

நிஜ ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 11.23 மீட்டர். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயருக்கு 15.6 சென்டிமீட்டர்தான். 72இல் ஒரு பங்கு. ஏன் 72? ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. 1936இல் பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் பிளாஸ்டிக் விமானங்களை இந்த அளவில்தான் விற்றது. அதுவரை அது விற்றவை பறக்கும் பொம்மைகள். இவை பறக்காது என்பதால் ‘பெங்குவின்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

நீளம் 72இல் ஒன்றானால், எடை 72ஐ மூன்று முறை பெருக்கி வகுத்த அளவுக்கு இறங்கும். சுமார் 2,700 கிலோ விமானம் ஏழு கிராம் சொச்சம் ஆகிவிடும். பத்து ரூபாய் நாணயம்கூட அதைவிடக் கொஞ்சம் கனம்.

சிக்கல் என்னவென்றால், எல்லாம் சேர்ந்து சுருங்குவதில்லை. பசையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் பசை, உண்மையில் அது கரைப்பான். மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் என்பது நீள நீளமான மூலக்கூறு இழைகளின் சிக்கல். கரைப்பான் பட்டதும் மேற்பரப்பு இழைகள் தளர்ந்து, எதிர்த் துண்டின் இழைகளோடு பின்னிக்கொள்கின்றன. சூடான இரண்டு இடியாப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தியதுபோல. கரைப்பான் ஆவியான பிறகு, எது எந்தத் துண்டின் இழை என்று பிரிக்க முடியாது.

இந்தப் பாடத்தை நான் படித்தது கட்டைவிரலால். என் முதல் விமானத்தின் உடலில், பசை காயுமுன் அழுத்திப் பிடித்த இடத்தில், விரல்ரேகை அச்சாகப் பதிந்துவிட்டது. ரேகைக்கு ரேகை அரை மில்லிமீட்டர் என்றால், நிஜ விமானத்தில் அது 3.6 சென்டிமீட்டர் இடைவெளியில் உழுத சால். பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். இரண்டு மாலைகள் போயின.

ஆணித்தலைகளின் கதை இன்னும் வேடிக்கை. நிஜ ஸ்பிட்ஃபயரில் தகட்டோடு தகடாக அமிழ்ந்த தட்டை ஆணிகள் அடிக்கச் செலவு அதிகம். குமிழ் ஆணி போதுமா என்று பார்க்க, பொறியாளர்கள் ஒவ்வோர் ஆணித்தலையிலும் உடைத்த பட்டாணியை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் வரை குறைந்தது. பிறகு பருப்பை வரிசை வரிசையாக அகற்றி, எந்த இடத்தில் குமிழ் இருந்தால் பாதகமில்லை என்று கண்டுபிடித்தார்கள். பழைய மாடல்களிலோ உடல் முழுக்கப் புடைத்த பொட்டுகள். ஒரு பொட்டின் உயரம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தாலே, நிஜ அளவில் 7 மில்லிமீட்டர். அந்தப் பட்டாணியே தேவலை. தயங்காமல் தேய்த்துவிடுவதுதான் சரி என்பேன்.

தேய்த்த பிறகு, தகடுகள் சேரும் கோடுகளை ஊசிமுனையால் மறுபடி கீற வேண்டும். வண்ணம் பூசி, பளபளப்பான வார்னிஷ் அடித்துக் காயவிட்ட பின், நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பு வண்ணத்தைத் தூரிகை நுனியில் எடுத்துக் கோட்டில் ஓர் இடத்தைத் தொட்டால் போதும். அகலமான வாய்க்காலில் நீர் பள்ளத்தைத் தேடித்தான் போகும். முடியளவு கீறலில் பரப்பு இழுவிசையின் கை ஓங்கிவிடும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். பசையைப் போல இந்த விசையும் விமானத்தோடு சுருங்கவில்லை, ஆனால் இது நம் கட்சி. கரும்பழுப்பு இழை இறக்கையின் மேட்டில் ஏறி, மூலையில் திரும்பி, அடுத்த தகட்டின் ஓரம்வரை தானாகவே ஓடுகிறது. நான் தூரிகையை எடுத்து நாழியாகிறது.