ஈரல் துண்டில் பொங்கும் நுரையும் ஆட்டுக்கொல்லி நோயும்

பச்சை ஆட்டு ஈரல் துண்டின் மீது ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டுகள் விட்டால் வெண்ணுரை பொங்கும். வேகவைத்த துண்டில் பொங்காது. நொதிகள் பாடத்துக்கு நம்மில் பலர் செய்துகாட்டும் சோதனைதான். பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது கேட்டலேஸ் நொதி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உயிருள்ள ஆட்டுக்கு அந்த நொதி எதற்கு என்று ஒரு மாணவர் கேட்டால்?

ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஆட்டுக்கொல்லி நோயிலிருந்து விடையைத் தொடங்கலாம். தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவான ஒரு வைரஸ் இதற்குக் காரணம். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கி மந்தையையே சாய்த்துவிடும். மனிதருக்குத் தொற்றாது. இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில்.

வைரஸ் நுழைந்ததும் வெள்ளையணுக்கள் ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க பொருள்களை உருவாக்குகின்றன. அவை கிருமியைத் தாக்கும் ஆயுதங்கள். ஆனால் எதிரி யார், சொந்தச் செல் எது என்று அவற்றுக்குத் தெரியாது; செல்சவ்வின் கொழுப்பையும் அரிக்கும். அதைத் தடுக்கவே சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், செலினியம் கொண்ட குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகளும் வைட்டமின் ஈயும் இருக்கின்றன. நோய் முற்றும்போது இந்தக் காவல் செலவாகிக்கொண்டே போகிறது. வாய்ப்புண்ணால் ஆடு தழை தின்பதில்லை. எனவே பசுந்தீவனத்திலிருந்து வரும் வைட்டமின் வரவும் நின்றுவிடுகிறது. நோயுற்ற ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளில், கொழுப்புச் சிதைவின் அடையாளமான மேலான்டைஆல்டிஹைடு கூடியும் காவல் பொருள்கள் குறைந்தும் காணப்பட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான் நல்லது, பெராக்சைடு கெட்டது' என்று கரும்பலகையில் இரண்டு பத்தி பிரித்து எழுதிவிடக் கூடாது. விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. பெராக்சைடு இல்லாவிட்டால் வெள்ளையணுவின் கை பாதி கட்டுண்டது போலத்தான்; கெடுதல் சமநிலை குலைவதில் இருக்கிறது. வைட்டமின் ஈ, செலினியம் கொடுப்பது துணைச் சிகிச்சையே, வைரஸைக் கொல்லாது. செலினியம் அளவு மீறினால் நஞ்சு.

"எங்க ஆடு மூக்கொழுகிக்கிட்டு நிக்குது சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைத் தனியே கட்டச் சொல்லி, அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தெரிவிக்கச் சொல்லுங்கள். நலமாக உள்ள ஆடுகளுக்குத் தடுப்பூசி உண்டு. அவற்றில் ஒன்று, அரசூரில் கிடைத்த அதே வைரஸை வீரியம் குறைத்து உருவாக்கப்பட்டது. அதன் பெயரே 'அரசூர் 87'.