குழந்தை பிறந்த இடத்தில் தேடுங்கள்

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்புவது தமிழ்க் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். கரக்பூரில் குடியிருக்கும் நாமும் 2013ஆம் ஆண்டு அவ்வாறே செய்தோம். காவிரிக்கரையில் மாமனார் இல்லத்திற்குச் சென்ற நம் துணைவியார், மூன்றாம் மாதம் பெண் குழந்தையுடன் திரும்பினார். மருத்துவமனையில் கொடுத்த சீட்டைப் பெட்டியில் பத்திரப்படுத்தினோம். அதுவே பிறப்புச் சான்றிதழ் என்று ஆறு ஆண்டுகள் நம்பியிருந்தோம்.

2019இல் மகளைப் பள்ளியில் சேர்க்கச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. பள்ளியார் பத்து நாள் தவணை தந்தனர். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு இரவுப் பயணமாக ஊருக்குச் சென்றோம். கிராம நிர்வாக அலுவலரான அம்மையார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், பதிவு இல்லை. வட்ட அலுவலகத்திலும் இல்லை. நான்கு நாட்கள் கழிந்தன. மறுபடியும் அம்மையாரிடமே சென்று நின்றோம்.

“வீடு இருக்கும் ஊரை விடுங்கள், ஐயா. பிரசவம் எங்கே நடந்தது?” என்று கேட்டார்.

பக்கத்து நகரத்து மருத்துவமனையில் என்றோம்.

“அப்படியானால் நகராட்சிக்கல்லவா போயிருக்க வேண்டும்!”

முதல் நாளே நாம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. பார்சல் தவறிவிட்டால் அது புறப்பட்ட நிலையத்தின் ஏட்டை முதலில் பார்ப்பது நம் அன்றாட வேலை. சொந்தக் குழந்தையின் காரியத்தில் அதை மறந்துவிட்டோம்! நகராட்சியில் அரை மணியில் பதிவு கிடைத்தது. ஆனால் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. பெயர் சூட்டுமுன்பே பதிவு நடந்துவிட்டதே காரணம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பெயரைச் சேர்த்து, தவணையின் கடைசி நாளன்று சான்றிதழைப் பள்ளியில் சேர்ப்பித்தோம்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் உரிய சட்டம் 1969ஆம் ஆண்டினது. நிகழ்ச்சி நடந்த இடமே பதிவின் இடம் என்பது அதன் அடிப்படை. விடுமுறையில் ஊர் சென்ற பெரியவர் அங்கே காலமானால், அப்பதிவும் அங்கேதான் இருக்கும். நாம் வாழும் ஊரில் தேடிப் பயனில்லை. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை வேண்டும். அதற்கு முதற்படி, பதிவு இல்லை என்னும் சான்றை உரிய அலுவலகத்தில் பெறுவது. விடுபட்ட பெயரைப் பதிவான நாளிலிருந்து ஓராண்டிற்குள் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம்.

பதிவேட்டைத் தேடச் செய்து நகல் பெறும் உரிமையை இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு எவருக்கும் தருகிறது. ஆகவே அலுவலரிடம் தயங்கி நிற்க வேண்டியதில்லை. நாள், மருத்துவமனையின் பெயர், பெற்றோர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். கிராமத்துப் பழைய ஏடுகள் வேறு அலுவலகத்திற்குச் சென்றிருக்கலாம். எங்கே சென்றன என்று கேட்டறியுங்கள். விண்ணப்பத்திற்கு ஒப்புகை பெற மறவாதீர்கள்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்திற்குப் பின் இதன் அவசியம் பெருகியுள்ளது. அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே.

இவ்வாண்டு தாய்வீட்டிற்குப் பெண்ணை அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுமுன் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியில் நாம் வைத்த அந்தச் சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மகள் பிறந்த மணியை அறிய மட்டும் அது உதவுகிறது.